நின்றுபோன சைக்கிள் பந்தயத்துக்கு வரலாறு எழுதுவது எப்படி

முதல் போட்டியில் ஆரம்பிக்காதீர்கள், கடைசிப் போட்டியில் ஆரம்பியுங்கள். நான் சொல்லப்போவதில் பாதி இதுதான்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள். சைக்கிளில் மலை ஏறுவதெல்லாம் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும்தான். என் முழங்காலுக்கும் அதற்கும் ஒத்துவராது. ஆனால் அவர்கள் வருடா வருடம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் குட்டிப் புத்தகத்தில் பழைய பந்தயங்களைப் பற்றிய கட்டுரை எதுவானாலும் என் கையைத் தாண்டித்தான் போகும். "சித்தி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கொண்டுவருவான். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். இன்ன வருடம் தொடங்கியது, இன்னார் அதிக முறை ஜெயித்தார், இன்ன வருடத்தோடு நின்றது. ஏன் நின்றது என்பதற்கு அரை வரிகூட இருக்காது. மூடிப்போன கம்பெனியின் கணக்கை எடுக்கிற யாரும் கல்லாவில் முதல் ரூபாய் விழுந்த நாளைத் தேடிக்கொண்டிருப்பதில்லை, கடைசி நாலைந்து வருடத்தைத்தான் புரட்டுவார்கள். பந்தயத்தையும் அப்படிப் புரட்டிப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

ஒரே நாளில் முடிகிற சாலைப் பந்தயமாக எடுத்துக்கொள்ளுங்கள். பல நாள் பந்தயத்தில் அன்றன்றைய வெற்றி, மொத்த நேரம், மஞ்சள் சட்டை, மலைக்குத் தனிப் பரிசு என்று கிளை கிளையாகப் போகும். முதல் தடவை எழுதுகிறவருக்கு மூச்சு முட்டிவிடும். ஒருநாள் பந்தயத்தில் அந்தத் தொல்லை இல்லை, வருடத்துக்கு ஒரு வரி.

பழகுவதற்கு நான் எடுத்துக் கொடுப்பது போர்தோ–பாரிஸ். பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் போர்தோ நகரத்திலிருந்து தலைநகரம் வரை, 1891-இல் தொடங்கி 1988 வரை நடந்த பந்தயம். தூரம் கூடிக் குறைந்து, 550 முதல் 600 கி.மீ. வரை இருந்தது. எண்ணாகச் சொன்னால் உறைக்காது. ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி ஏறிப் படுத்து, விடிகிற நேரத்தில் பெருங்களத்தூரில் கண் விழிக்கிறீர்களே, கிட்டத்தட்ட அந்தத் தூரம். அதை ஒரே மூச்சில் மிதித்தே கடக்க வேண்டும்.

பின்னாலிருந்து புரட்டுவது

முதலில் கடைசி வரியை எழுதுங்கள்: 1988, ஜான் ஃபிரான்சுவா ரோ, பிரான்ஸ். அப்புறம் ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போங்கள். 1986-ஐத் தொட்டதும் ஏதோ மாறியிருப்பது தெரியும். அதுவரை இந்தப் பந்தயத்தின் தனி அடையாளமாக இருந்த டெர்னி வண்டிகள் அந்த வருடத்திலிருந்து இல்லை.

டெர்னி என்பது பெடலும் சின்ன மோட்டாரும் சேர்ந்த வண்டி. ரோஜே டெர்னி என்பவரின் பெயரில் வந்தது. 1938-இலிருந்து இந்தப் பந்தயத்தில் ஓடியது. ஓட்டுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டே போவார், அவர் முதுகுக்குப் பின்னால் காற்று படாமல் வீரர் ஒட்டிக்கொண்டு வருவார். நள்ளிரவு தாண்டிப் போர்தோவில் கிளம்பி, இருட்டு முழுக்க எல்லோரும் சேர்ந்து ஓட்டி, வழியில் புவாத்தியே, ஷாத்தெல்ரோ பக்கம் வந்ததும் ஆளுக்கொரு டெர்னி முன்னால் சேர்ந்துகொள்ளும். அங்கிருந்துதான் உண்மையான பந்தயம். (நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கேரட் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கேத்தி ரோட்டில் போவது டெர்னி ஆகாது. லாரிக்காரர் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.)

இவ்வளவு விவரம் கடைசியைப் புரிந்துகொள்வதற்கும் தேவை. டெர்னிக்குப் பின்னால் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டுமென்றால் அதற்கென்று தனியாகப் பல வாரம் பயிற்சி வேண்டும். பந்தயம் நடந்ததோ மே மாதத்தை ஒட்டி. அந்தக் காலத்தில் ஸ்பெயின் சுற்று ஏப்ரல்–மே மாதங்களில் நடந்தது. அது முடிந்தால் இத்தாலிச் சுற்று. நல்ல வீரரை வைத்திருக்கும் அணி எதற்கு அனுப்பும்? மூன்று வாரம் தினமும் பேப்பரில் பெயர் வருகிற இடத்துக்குத்தான். தொடக்கக் கோட்டில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஆளை இழுக்க டெர்னியை எடுத்தார்கள். எடுத்ததும், அதன் தனி அடையாளமாக இருந்த அந்த ஒரு விஷயமும் போய், வெறும் நீளமான பந்தயம் ஆகிவிட்டது. மூன்றே வருடம் தாங்கியது. 1971, 1972 இரண்டு வருடமும் பந்தயமே நடக்கவில்லை என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். நோய் 1986-இல் வந்ததல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

இப்படிப் பார்த்துவிட்டால், மற்ற பந்தயங்கள் எப்படி நின்றன என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் சூரிக் பந்தயம் 1914-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில்கூட அது நிற்கவில்லை, நாடு போரில் சேராத நாடு. அப்படிப்பட்டதை 2005-இல் புரோடூர் என்ற புதிய அட்டவணை வந்தபோது ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குத் தள்ளினார்கள். சீசன் முடிகிற நேரம், எல்லோரும் களைத்துப்போயிருக்கும் நேரம். 2006-இல் சாமுவேல் சான்செஸ் ஜெயித்ததுதான் கடைசி. அடுத்த வருடத்துக்கு விளம்பரதாரர் கிடைக்கவில்லை. போரைத் தாண்டிய பந்தயம் தேதி மாற்றத்தைத் தாண்டவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கிராண்ட் பிரீ தே நாசியோன் வேறு கதை. ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயம், 1932-இல் பாரி-சுவார் பத்திரிகை ஆரம்பித்தது. ழாக் ஆங்கெத்தில் 1953-இல் பத்தொன்பது வயதில் முதல் தடவை ஜெயித்து, மொத்தம் 9 முறை ஜெயித்தார். இந்த வகை ஓட்டத்துக்கு உலகச் சாம்பியன் பட்டம் இல்லாத காலத்தில் இதுதான் அந்தப் பட்டத்தின் இடத்தில் இருந்தது. 1994-இல் உலகச் சைக்கிள் சங்கமே அந்தப் பட்டத்தை ஏற்படுத்தியதும் இதற்கு வேலை குறைந்துபோனது. 2004-இல் நின்றது.

இங்கிலாந்தில் விங்கன்டன் கிளாசிக் 1989 முதல் 1997 வரைதான். நியூகாசில், பிரைட்டன், லீட்ஸ், ராச்செஸ்டர் என்று ஊர் மாறிக்கொண்டே போனது. உலகக் கோப்பைத் தொடரில் அதற்கு இடம் இருந்தது. 1998-இல் அந்தத் தொடரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் பந்தயம் வந்து உட்கார்ந்தது. ஊர் ஊராக அலைந்த பந்தயத்துக்கு, "இது எங்கள் பந்தயம்" என்று மல்லுக்கு நிற்க ஒரு ஊர் இல்லாமல் போயிருக்கும் என்பது என் கணிப்பு. கணிப்பைக் கணிப்பு என்றே எழுதுங்கள், நான் இங்கே எழுதியிருப்பதுபோல.

பேரேடு போடுவது

ஒரு நீளமான நோட்டை எடுத்துக் குறுக்கே கோடு போடுங்கள். வருடம், ஜெயித்தவர், நாடு என்ற மூன்று பத்தி எல்லா இடத்திலும் கிடைக்கும். நீங்கள் சேர்க்க வேண்டியவை இவை: கிளம்பிய இடம், முடிந்த இடம், தூரம், முன்னால் வண்டி ஓடியதா இல்லையா, அந்த வருடப் பெயர், யார் காசு. கடைசிப் பத்திக்கு அகலம் அதிகம் விடுங்கள். அங்கேதான் நிறைய எழுத வரும்.

"அந்த வருடப் பெயர்" எதற்கு என்றால், விங்கன்டன் என்று மட்டும் தேடினால் பாதி வருடங்கள் கிடைக்காது. பின்னால் அது லீட்ஸ் இன்டர்நேஷனல் கிளாசிக் ஆனது, கடைசி வருடம் ராச்செஸ்டர் இன்டர்நேஷனல் கிளாசிக். மூன்றும் ஒரே பந்தயம்தான். விளம்பரதாரர் பெயரில் நடக்கும் எதற்கும் இந்தத் தொல்லை உண்டு.

நாடு என்ற பத்தியையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பாதீர்கள். 1995-இல் லீட்ஸில் ஜெயித்த மேக்ஸ் ஷாண்ட்ரி இங்கிலாந்தின் டெர்பியில் பிறந்து இத்தாலியில் வளர்ந்தவர். இத்தாலிக்காரராக ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு அந்த வருடம்தான் பிரிட்டன் பக்கம் வந்தார். அடுத்த வருடம் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு வெண்கலமும் வாங்கினார். சும்மா "இத்தாலி" என்று போட்டால், உள்ளூர்க்காரர் ஜெயித்த ஒரே வருடம் உங்கள் பேரேட்டிலிருந்து காணாமல் போய்விடும்.

ஒரு வரிக்கு ஒரு பெயர் என்றும் அடம்பிடிக்கக் கூடாது. போர்தோ–பாரிஸில் பெல்ஜியத்தின் ஹெர்மன் வான் ஸ்பிரிங்கெல் 7 முறை ஜெயித்தார், அதுதான் சாதனை. ஆனால் அந்த ஏழில் 1974 முழுசாக அவருடையதல்ல. பாதைக் குழப்பத்தால் ரெஜிஸ் தெலெபீனுக்கும் அவருக்கும் சேர்த்து வெற்றி கொடுத்தார்கள். ஏழு என்று எழுதினால் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்.

அப்புறம் காலி வரிகள். இதில் இரண்டு வகை உண்டு, கலக்கக் கூடாது. எங்களுக்குப் பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு பழைய கேடயம் இருக்கிறது. ஒரு காலத்தில் பொங்கலுக்கு நடந்த சைக்கிள் பந்தயத்துக்கு வைத்தது. தேக்குப் பலகை, நடுவில் ஒரு பித்தளைத் தகடு, சுற்றிலும் கட்டை விரல் அகலத்தில் குட்டிக் குட்டித் தகடுகள், ஒவ்வொன்றிலும் வருடமும் பெயரும் வெட்டியிருக்கும். சில இடத்தில் தகடு இல்லை. ஆனால் பலகையில் இரண்டு ஆணித் துளையும், தகடு மூடியிருந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் கறுக்காமல் தேன் நிறத்தில் ஒரு கட்டமும் இருக்கும். அங்கே தகடு இருந்திருக்கிறது, விழுந்துவிட்டது. வேறு இடத்தில் துளையும் இல்லை, கட்டமும் இல்லை, பலகை ஒரே கறுப்பு. அந்த வருடம் பந்தயமே இல்லை. உங்கள் பேரேட்டிலும் "நடக்கவில்லை" என்பதற்கு ஒரு குறி, "நடந்தது, விவரம் கிடைக்கவில்லை" என்பதற்கு வேறு குறி போடுங்கள். போர்தோ–பாரிஸின் போர்க்கால வரிகள் "நடக்கவில்லை" வகை. 1971, 1972-உம் அதே வகைதான், ஆனால் அவை போரால் காலியானவை அல்ல. அந்தக் காரணம் பக்கத்தில் இருக்கட்டும்.

காசு போட்டது யார்

இப்போதுதான் முதல் வருடத்துக்கு வருகிறோம். 1891-இல் போர்தோ–பாரிஸை நடத்தியது வெலோஸ்-ஸ்போர் என்ற பத்திரிகை. அதே வருடம் செப்டம்பரில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸை நடத்தியது லெ பெத்தி ழுர்னால், அதுவும் பத்திரிகை. பாரி-சுவாரை மேலே பார்த்தோம். தற்செயல் இல்லை இது. பந்தயம் நடந்தால் முந்தின நாள் ஒரு செய்தி, மறுநாள் ஒரு செய்தி, நடுவில் அண்ணாந்து காத்திருக்கும் வாசகர் கூட்டம். பேப்பர் விற்கும். பத்திரிகைகளுக்குப் பந்தயம் தேவைப்பட்ட காலம்வரை காசுக்குக் கவலை இல்லை. தொலைக்காட்சி வந்தபிறகு கணக்கு மாறியது. கேமராவுக்கு, நள்ளிரவில் கிளம்பி மறுநாள் முடிகிற பந்தயத்தில் காட்ட என்ன இருக்கிறது?

முதல் பந்தயத்தை மட்டும் கொஞ்சம் விரித்து எழுதலாம், அதற்கு அது தகும். இத்தனை தூரத்தைத் தூங்காமல் யாரும் கடக்க மாட்டார்கள் என்று நினைத்து, நடத்தியவர்கள் வழி ஊர்களில் சாப்பாடும் படுக்கையும் தயார் செய்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஜி. பி. மில்ஸ் படுக்கை பக்கமே போகவில்லை. 26 மணி 34 நிமிடத்தில் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த மூன்று இடமும் ஆங்கிலேயர்களுக்கே: ஹோல்பைன், எட்ஜ், பேட்ஸ். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது அதிர்ச்சி. ஆனால் மில்ஸ் 1886-இலேயே, முன்சக்கரம் ஆள் உயரம் இருக்கும் பழைய சைக்கிளில் இங்கிலாந்தின் தென்முனையிலிருந்து ஸ்காட்லாந்தின் வடமுனை வரை 5 நாளில் போய்ச் சேர்ந்தவர். இதையும் சேர்த்து எழுதினால் படிக்கிறவருக்கு அதிர்ச்சி குறையும், புரிதல் கூடும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

எண்ணை நம் ரோட்டில் வைத்துப் பார்ப்பது

புத்தகத்தில் "சராசரி வேகம்", "சராசரி ஏற்றம்" என்று வந்தால் அப்படியே எடுத்து எழுதாமல், தெரிந்த ரோட்டில் வைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790. இடையில் 33 கி.மீ. வகுத்தால் நூற்றுக்கு நாலரைக்குக் கிட்டே வரும். ஏறியவனைக் கேளுங்கள், முதல் சில கிலோமீட்டர் கிட்டத்தட்டச் சமதளம் என்பான், அப்புறம் ஒரு வளைவில் நாக்கு தள்ளியது என்பான். நாலரை என்ற ஏற்றம் ரோட்டில் எங்குமே இல்லாமல்கூட இருக்கலாம். சராசரி என்பது அவ்வளவுதான்.

வேகமும் அப்படித்தான். மில்ஸின் 26 மணி நேரத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 21 கி.மீ. சுற்றி வரும். டெர்னி காலத்து வீரர்களுக்கு அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டையும் ஒரே பத்தியில் வைத்து "வேகம் கூடியது" என்று எழுதுவது நியாயமில்லை. முன்னால் மோட்டார் வண்டி ஓடிய வருடங்களையும் ஓடாத வருடங்களையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். பேரேட்டில் அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொன்னது இதற்குத்தான். நம் ஆட்களுக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் அளவுகோல் வேண்டுமா? இன்றைய பி.ஆர்.எம். நெடுந்தூர ஓட்டத்தில் 600 கி.மீ.க்குக் கொடுக்கும் அவகாசம் 40 மணி நேரம். 1891-இன் மண் ரோட்டில் கிட்டத்தட்ட அதே தூரத்துக்கு மில்ஸ் எடுத்துக்கொண்டது அதில் மூன்றில் இரண்டு பங்கு.

பழைய பேப்பரும் பழைய கதையும்

ஆதாரத்துக்கு பாரிஸ் போக வேண்டியதில்லை. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பழைய பத்திரிகைகளைக் காசில்லாமல் பார்க்கலாம். டச்சுப் பத்திரிகைகளுக்கு டெல்ஃபர் இருக்கிறது, வான் ஸ்பிரிங்கெல் காலத்துக்கு அது நல்ல துணை. பிரெஞ்சு தெரியாது என்றால் போனிலேயே மொழிபெயர்த்துப் படியுங்கள், ஆனால் எண்ணையும் பெயரையும் மட்டும் மூலப் பக்கத்தின் படத்தில் கண்ணால் பார்த்து எடுங்கள். பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது 3-ஐ 8 என்று படிக்கும். இன்னொன்று, பேப்பரில் இருக்கும் தேதி பந்தயத் தேதி இல்லை, பெரும்பாலும் மறுநாள். கோத்தகிரியில் மழை நாளில் நெட் போனால் போனதுதான், அதனால் பார்த்த பக்கத்தை உடனே போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

கதைகள் வரும்போது ரொம்ப ஜாக்கிரதை. 1965-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கெத்தில் எட்டு நாள் நடக்கும் தோஃபினே பந்தயத்தைச் சாயங்காலம் ஜெயித்து முடித்துவிட்டு, விமானம் ஏறிப் போர்தோ போய், அதே ராத்திரி இந்தப் பந்தயத்தில் கிளம்பி, அதையும் ஜெயித்தார். பாரிஸில் ஸ்டாப்லின்ஸ்கியை முந்தியது 57 விநாடியில், மூன்றாவது டாம் சிம்சன். இது நடந்தது. ராத்திரி நடுவழியில் விட்டுவிடப் பார்த்தார், மேலாளர் ஜெமினியானி திட்டித்தான் ஓட்ட வைத்தார் என்பது அந்தக் காலத்திலிருந்தே சொல்லப்பட்டுவருவது. அதற்கு "என்கிறார்கள்" போடுங்கள். விமானத்தை ஏற்பாடு செய்தது நாட்டின் அதிபரே என்று ஒரு கதை சுற்றுகிறது. அதைக் கதை என்றே எழுதுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். நடந்தது மட்டுமே போதுமான அளவு நம்ப முடியாததாக இருக்கிறது.

நம்மூர்ப் பந்தயத்தை எழுதுகிறவர்களுக்கு காலிகா கிடையாது, பெரியவர்கள்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் "எந்த வருடம்?" என்று கேட்காதீர்கள். ஏதாவது ஒரு வருடத்தைச் சொல்லி உங்களைத் திருப்திப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். "மரப்பாலம் மண்சரிவுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். அது 1993 நவம்பர். இன்னும் இளையவர்களிடம் 2009 நவம்பர் மழையை வைத்துக் கேட்கலாம். ரோடு அறுந்த வருடத்தை மலைக்காரர்கள் மறப்பதில்லை. அந்த நேரத்தில் பந்தயம் நடந்துகொண்டிருந்ததா, நின்றுவிட்டதா என்று அவர்களே வரிசைப்படுத்திச் சொல்வார்கள். பரிசு கொடுத்த கடை, மேடை போட்ட ஆள், பழைய போட்டோ ஸ்டுடியோ, மூன்றையும் கேட்டபிறகு ஜெயித்தவர் வீட்டுக்குப் போங்கள். முதலிலேயே அவரிடம் போனால் அவர் ஜெயித்த வருடம் மட்டும்தான் கிடைக்கும்.

எழுதும்போது பேரேட்டை அப்படியே கட்டுரையாக்க வேண்டாம். நின்ற காரணம், அது எப்போது தலைகாட்டியது, அதற்கு முன் பந்தயம் எதனால் ஓடியது என்ற வரிசையில் போனால் முக்கால்வாசிப் பெயர்கள் தானாக உதிர்ந்துவிடும். உதிரட்டும், அவை கடைசிப் பக்க அட்டவணையில் இருந்தால் போதும். ஒரே காரணத்தில் பழியைப் போட்டுவிடவும் வேண்டாம். போர்தோ–பாரிஸுக்கே காலண்டர், பயிற்சி, டெர்னியை எடுத்தது என்று மூன்று இருக்கிறது. 2014-இல் அதே பெயரில் பொது மக்களுக்கான ஓட்டம் ஒன்று தொடங்கியதையும் சொல்லுங்கள், ஆனால் அதன் ஆட்களைப் பழைய வெற்றியாளர்களோடு ஒட்ட வைக்காதீர்கள். அது வேறு கணக்கு.

ஜெராக்ஸுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஒருவர் நோட்டைப் பார்த்து வருடத்தையும் பெயரையும் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் கட்டுரையில் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வர வேண்டும். எழுதியவர் படிக்கிற பக்கம் இருக்கட்டும், பென்சில் அடுத்தவர் கையில் இருக்கட்டும்.